ஏற்றிக்கொண்டே போகிறவரிடம் எப்படி ஆடுவது: போக்கருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, காசிமேட்டு மாடியிலிருந்து

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை சரிபார்ப்பது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது என்று பகல் ஓடிவிடும். சாயங்காலம் கடல் காற்று ஏறியதும் எங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்து ஆறு பேர் உட்காருவோம். முன்பெல்லாம் ரம்மி, அப்புறம் மூணு சீட்டு. சில வருடங்களாக டெக்ஸாஸ் ஹோல்டம் போக்கர்தான்.

ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒருவரோ இருவரோ வந்து சேருவார்கள். இரண்டாவது நாளே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அண்ணே, அவரு எப்பப் பாரு ஏத்திக்கினே இருக்காரு. நல்ல சீட்டு வந்தாலும் பயமா கீது. இன்னா பண்றது?" அந்த 'அவரு' என் மச்சினன். பத்துக் கையில் ஆறு கை ரெய்ஸ் செய்வான். எதிரில் யார் இருக்கிறார், நடுவில் என்ன விழுந்தது என்று பார்க்கவே மாட்டான். எல்லா ஆட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அப்படிப்பட்டவரிடம் ஆடக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தடைக்காலம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காசு வேண்டாம்

எங்கள் மாடியில் காசுக்குப் பதில் காய்தான்: புளியங்கொட்டை 1 காய், சட்டைப் பொத்தான் 5 காய், சோழி 20 காய். ஆளுக்கு 30 கொட்டை, 14 பொத்தான், 5 சோழி கொடுத்தால் சரியாக 200 காய். ஆறு பேருக்கு 180 கொட்டை, 84 பொத்தான், 30 சோழி போதும். சீட்டு போடும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் காயில் சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. காய் தீர்ந்துவிட்டால் அந்த நாளுக்கு அவர் சீட்டு போடுகிறவராக மாறிவிடுவார். இந்த விதி இல்லாவிட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-இன் (கையிலுள்ள எல்லாக் காயையும் வைப்பது) போவார்கள், கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ஆன்லைனில் பணம் கட்டி ஆடிப் பழகலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2022-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் இந்த இரண்டும் திறமை விளையாட்டு என்று சொல்லி அவற்றின் மீதான தடையை நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். செல்போனில் ஆடிக் கடன்பட்டு, படகில் வைத்திருந்த பங்கை விற்ற ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய அம்மா இன்றும் எங்கள் வாசலைக் கடக்கும்போது தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் கணக்கெல்லாம் பொத்தானுக்கும் சோழிக்கும் மட்டும்தான்.

மூணு சீட்டிலிருந்து வருகிறவர்கள் மறக்க வேண்டியவை

மூணு சீட்டில் வரிசை, கலரை அடிக்கும். போக்கரில் தலைகீழ். ஐந்து சீட்டும் ஒரே இனமாக இருக்கும் ஃப்ளஷ், வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட்டை அடிக்கும். 'பிளைண்ட்' என்றால் அங்கே சீட்டைப் பார்க்காமல் ஆடுவது, இங்கே சீட்டு போடுவதற்கு முன் இருவர் கட்டாயமாக வைக்கும் காய். சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது அங்கே 'பேக்', இங்கே 'ஃபோல்ட்'. கையில் இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), அப்புறம் ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. இதற்கு மேல் விதிகளை ஒரு மணி நேரம் ஆடினாலே தெரிந்துகொள்வீர்கள்.

இடம் பார்த்து உட்காருங்கள்

ஆட்டம் தொடங்கும் முன்பே நீங்கள் ஜெயிக்கக்கூடிய ஒரே விஷயம் இது. சீட்டும் முறையும் கடிகாரச் சுற்றில் போகும். ஏற்றுகிறவருக்கு இடது பக்கத்தில் உட்காருங்கள். அவர் செய்து முடித்த பிறகுதான் உங்கள் முறை வரும். அவர் எவ்வளவு வைத்தார் என்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம்.

மாறாக அவர் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால், நீங்கள் 2 காய் வைத்து மெதுவாக உள்ளே போக நினைக்கும்போதெல்லாம் அவர் 10 ஆக்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் 2 காயைக் கொடுத்துவிட்டு எழுந்துவருவது போலாகும். மாடியில் காற்று வரும் பக்கம், சுவரில் சாயும் பக்கம் என்று இடம் பிடிப்பார்கள். நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை. மச்சினன் பாயில் எங்கே உட்காருகிறான் என்று பார்த்துவிட்டு அவன் இடது கைப்பக்கம் உட்கார்ந்துவிடுவேன்.

முதல் முப்பது கை: பார்ப்பதுதான் வேலை

ஏற்றுகிறவர் எல்லோரும் ஒரே மாதிரி கிடையாது. அதிரடியாக ஆடுவது முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜின் ரம்மியில் பெரிய ஆளாக இருந்து போக்கருக்கு வந்த ஸ்டூ உங்கர், லாஸ் வேகாஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடரின் முக்கிய ஆட்டத்தை 1980, 1981, 1997 என்று மூன்று முறை வென்றார். அவருடைய ஆட்டம் முழுக்க முழுக்கத் தாக்குதல்தான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் எதிராளி விடமாட்டார் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தத் தெரியாதவரைத்தான் போக்கர் ஆடுகிறவர்கள் 'மேனியாக்' என்பார்கள்.

ஆகவே மூன்றே விஷயத்தைப் பாருங்கள். அவர் எத்தனை கையில் உள்ளே வருகிறார்? யாராவது திருப்பி ஏற்றினால் ஃபோல்ட் செய்கிறாரா, விடாமல் வருகிறாரா? ரிவர் வரை போய்ச் சீட்டைத் திருப்பும்போது என்ன காட்டுகிறார்? மூன்றாவதுதான் பொன். நீங்கள் அந்தக் கையில் இல்லாவிட்டாலும் தலையைத் திருப்பாதீர்கள். பலர் ஃபோல்ட் செய்ததும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் இலவசமாகக் கிடைக்கும் பாடத்தை விடுகிறார்கள்.

திருப்பி ஏற்றினால் ஃபோல்ட் செய்கிறவரிடம், நல்ல கை இல்லாதபோதும் எப்போதாவது ஒருமுறை திருப்பி ஏற்றலாம். விடாமல் வருகிறவரிடம் பிளஃப் (நல்ல கை இருப்பது போல ஏமாற்றுவது) செய்யவே செய்யாதீர்கள். என் மச்சினன் இரண்டாவது ரகம். இனிமேல் நான் சொல்வதெல்லாம் அந்த ரகத்துக்குத்தான்.

எந்தச் சீட்டோடு உள்ளே போவது

52 சீட்டில் இரண்டு சீட்டு சேரும் விதங்கள் 1,326. பத்துக்கு ஆறு கை ஏற்றுகிறவர் அதில் ஏறத்தாழ 796 விதங்களில் ஏற்றுகிறார். அதில் உண்மையிலேயே பயப்படவேண்டிய கைகள் எத்தனை? பத்து ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை 30, ஏஸ்-ராஜா 16, ஏஸ்-ராணி 16. மொத்தம் 62. நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் சராசரியும் குப்பையும். அவர் 8 காய் வைத்துக் குரலை உயர்த்தும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள், பயம் பாதி இறங்கிவிடும்.

அதற்காக நீங்களும் குப்பையோடு போகக்கூடாது. ஏழு ஜோடியும் அதற்கு மேலும், ஏஸோடு பத்தோ அதற்கு மேலோ, ராஜாவோடு ராணியோ ஜாக்கியோ. இவை சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு கை. புதிதாக வந்தவர்கள் முதல் சில நாள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கை பழகியதும் சின்ன ஜோடிகள், ஒரே இனத்தில் ஏஸோடு வரும் சின்னச் சீட்டு, ஒரே இனத்தில் ராணி-ஜாக்கி, ஜாக்கி-பத்து, பத்து-ஒன்பது என்று சேர்த்துக்கொள்ளலாம். அப்போது ஆறில் ஒரு கை ஆகும். சின்ன ஜோடியோடு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு கிடைப்பது எட்டரை முறைக்கு ஒருமுறைதான். அதனால் அவர் குறைவாக ஏற்றியிருந்தால் மட்டும் போங்கள்.

ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி, ஏஸ்-ராஜா வந்தால் சும்மா கால் (அவர் வைத்த அளவே வைப்பது) சொல்லாதீர்கள். அவர் 8 வைத்தால் நீங்கள் 24 அல்லது 26 வையுங்கள். பின்னால் இருக்கிற மூன்று நான்கு பேர் விலகிவிடுவார்கள். நல்ல கையை ஒருவரோடு ஆடுவது வேறு, ஐந்து பேரோடு ஆடுவது வேறு. ஐந்து பேர் இருந்தால் ராணி ஜோடியை யாரோ ஒருவர் எங்கேயாவது தாண்டிவிடுவார்.

ஃப்ளாப்பில் நடக்கும் திருட்டு

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏற்றுகிறவருடைய சம்பாத்தியத்தில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது.

ஜோடி இல்லாத எந்த இரண்டு சீட்டை வைத்திருந்தாலும் ஃப்ளாப்பில் ஜோடி சேருவது நூற்றுக்கு 32 முறைதான். மூன்றில் இரண்டு முறை ஒன்றும் சேராது. உங்களுக்கும் அப்படித்தான், அவருக்கும் அப்படித்தான். ஆனால் புதியவர்கள் என்ன செய்வார்கள்? சேர்ந்தால் இருப்பார்கள், சேராவிட்டால் போட்டுவிடுவார்கள். நடுவில் 20 காய் இருக்கிறது, அவர் ஒன்றுமே இல்லாமல் 20 பெட் கட்டுகிறார் என்று வையுங்கள். மூன்று முறை இதைச் செய்தால் இரண்டு முறை நீங்கள் ஃபோல்ட். அவருக்கு 40 காய். ஒருமுறை நீங்கள் விடவில்லை. அவருக்கு 20 நஷ்டம். மிச்சம் 20 காய் லாபம். சீட்டையே பார்க்காமல் அவர் இதைச் சம்பாதிக்க முடியும்.

அவருடைய லாபம் முழுக்க நீங்கள் போட்டுவிடும் சீட்டிலிருந்துதான் வருகிறது. நடுவில் உள்ள அளவுக்கே அவர் கட்டினால், பாதி முறையாவது நீங்கள் விடாமல் இருந்தால் போதும், குப்பையை வைத்து அவர் ஒரு காய்கூடச் சம்பாதிக்க முடியாது.

பாதி முறை எப்படி விடாமல் இருப்பது? பெரிய ஜோடி சேரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுவில் விழுந்ததில் இரண்டாவது பெரிய சீட்டோடு ஜோடி சேர்ந்தாலும், கையிலேயே எட்டு, ஒன்பது ஜோடி இருந்தாலும் ஃப்ளாப்பில் ஒருமுறை கால் சொல்லுங்கள். ஏஸ் கையிலிருந்து நடுவில் சின்னச் சின்னதாக ஒன்றோடொன்று சேராத சீட்டு விழுந்திருந்தால் அதற்கும் ஒருமுறை கால் சொல்லலாம். சாதாரணமாக ஆடுகிற ஒருவரிடம் இதெல்லாம் தப்பாட்டம். இவரிடம் இதுதான் ஆட்டம்.

ஒரு கையை முழுசாகப் பார்ப்போம்

போன தடைக்காலத்தில் நடந்தது. மச்சினன் என் வலது பக்கம். 8 காய் வைத்தான். எனக்கு ஆட்டின் ஏஸ், கிளாவர் பத்து. கால் சொன்னேன். பிளைண்ட் இருவரும் போட்டுவிட்டார்கள். நடுவில் 19 காய்.

ஃப்ளாப்: இஸ்பேட் பத்து, டைமன் ஆறு, கிளாவர் இரண்டு. எனக்குப் பெரிய ஜோடி, கூட ஏஸ். அவன் 15 வைத்தான். புதியவர்கள் பலரும் இங்கே 45 என்று ஏற்றிவிடுவார்கள். நான் ஏற்றவில்லை. ஏற்றினால் என்ன ஆகும்? அவன் கையில் குப்பை இருந்தால், விடாமல் வரும் பழக்கமுள்ளவனுக்குக்கூட அங்கே கை நின்றுவிடலாம். என்னை அடிக்கக்கூடிய கை இருந்தால் கண்டிப்பாக வருவான். நான் ஜெயிக்கும் கைகளைத் துரத்திவிட்டுத் தோற்கும் கைகளை வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கால் மட்டும் சொன்னேன். நடுவில் 49.

டர்ன்: டைமன் ஜாக்கி. என் பத்தை விடப் பெரிய சீட்டு. மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. அவன் 40 வைத்தான். இரண்டு சோழியைத் தூக்கிச் சத்தமாகப் போட்டான். கால். நடுவில் 129.

ரிவர்: இஸ்பேட் மூன்று. அவனிடம் 137 காய் மிச்சம். அதில் 100 எடுத்து நடுவில் தள்ளிவிட்டு, "இன்னா மாமா, பயந்துட்டியா?" என்றான்.

இந்த இடத்தில் அவன் முகத்தைப் பார்க்காமல் கணக்கைப் பாருங்கள். நான் 100 போட்டால் ஜெயிக்கப்போவது 129-ம் அவனுடைய 100-ம், ஆக 229. போட்ட பிறகு மொத்தம் 329. நூறை 329-ஆல் வகுத்தால் நூற்றுக்கு முப்பது. அதாவது பத்து முறையில் மூன்று முறை நான் ஜெயித்தாலே கிட்டத்தட்ட நஷ்டமில்லை. பத்துக்கு ஆறு கை ஏற்றுகிறவன், மூன்று முறையும் விடாமல் கட்டுகிறவன், பத்தில் மூன்று முறையாவது ஒன்றுமில்லாமல் இருப்பானா? அந்த மாதம் அவன் திருப்பிக்காட்டிய சீட்டுகளைப் பார்த்த யாருக்கும் அதில் சந்தேகம் வராது. கால் சொன்னேன். டைமன் ராஜா, டைமன் ஒன்பது. டர்னில் ஃப்ளஷ்ஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் காத்திருந்தான், இரண்டும் வரவில்லை.

அவன் கையில் ஜாக்கி இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். அப்போதும் அந்தக் கால் சரியான கால்தான். இதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாள் பிடித்தது.

விலையை வாய்க்கு முன்னால் முடிவு செய்யுங்கள்

என் பெரியம்மா முப்பது வருடம் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்றவர். விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். சிலர் எடுத்த எடுப்பில் கத்தி விலையை ஏற்றி, பக்கத்தில் நிற்பவரைத் திகைக்கவைப்பார்கள். பெரியம்மா கூடையை ஒருமுறை பார்ப்பார், கண்ணாலேயே எடை போடுவார், இது இவ்வளவு பெறும் என்று மனசில் ஒரு தொகை வைத்துவிடுவார். அதற்குள் இருந்தால் கை தூக்குவார், தாண்டினால் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவார். யார் கத்தினார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சீட்டாட்டம் அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த ஆட்டத்தில் நான் செய்யப் பழகியது அவர் செய்ததைத்தான்.

உங்களுக்கு மனப்பாடமாக இருக்கவேண்டிய விலைகள் நான்கு. நடுவில் உள்ளதில் பாதியை அவர் கட்டினால், நீங்கள் நூற்றுக்கு 25 முறை ஜெயித்தால் போதும். மூன்றில் இரண்டு பங்கு கட்டினால் 29. அதே அளவு கட்டினால் 33. இரண்டு மடங்கு கட்டினால் 40. எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் 50-ஐத் தொடாது என்பதைக் கவனியுங்கள். அவர் பெரிதாகக் கட்டும்போது உங்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் பாதிக்குமேல் ஜெயிக்கும் என்று உறுதியாக நினைக்கிற கையை எந்த விலைக்கும் போட வேண்டியதில்லை.

காத்திருக்கும் கைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கையிலும் நடுவிலுமாக நான்கு சீட்டு ஒரே இனமாக இருந்து ஐந்தாவதற்குக் காத்திருந்தால், டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால் நூற்றுக்கு 35 முறை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஃப்ளாப்பில் ஒரு கால் சொன்னால் ஒரே ஒரு சீட்டைத்தான் பார்க்கிறீர்கள். அது வருவது நூற்றுக்கு 19 முறை. டர்னில் ஏற்றுகிறவர் மறுபடியும் பெரிதாகக் கட்டுவார். 20 காய்க்குக் கால் சொல்லி, பார்க்காத 47 சீட்டில் உங்களுக்கு உதவும் 9 சீட்டில் ஒன்று வரவேண்டும் என்றால், வரும்போது ஏறத்தாழ 84 காயாவது கிடைக்கவேண்டும். நடுவில் ஏற்கெனவே 40 இருந்தால் இன்னும் 44 அவரிடமிருந்து வரவேண்டும். இவர் மாதிரி நிறுத்தாமல் கட்டுகிறவரிடம் அது வரும். அதனால் ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருக்கலாம். உள்ளே ஒரே ஒரு எண் குறைகிற வரிசைக்குக் காத்திருக்காதீர்கள். அதற்கு 4 சீட்டுதான் இருக்கிறது, நூற்றுக்கு 9 முறைகூட வராது.

எப்போது போட்டுவிட வேண்டும்

இரண்டு சமயம். முதலாவது, எப்போதும் கட்டுகிறவர் கட்டாமல் செக் சொல்லி, உங்கள் பெட்டுக்குப் பேசாமல் கால் சொல்லி, அடுத்த சீட்டில் நீங்கள் கட்டியதும் ஏற்றினால். பழக்கத்தை மாற்றியதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது பெரிய கை.

இரண்டாவதை நான் காய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா ஒருவர் ஞாயிறு மட்டும் வருவார். மணிக்கணக்கில் ஃபோல்ட் செய்துகொண்டே இருப்பார். ஒருநாள் மச்சினன் ஏற்றினான், நானும் அக்காவும் கால். நடுவில் ராஜா, ஆறு, இரண்டு. என்னிடம் ராஜா-ஜாக்கி. மச்சினன் கட்டினான், நான் கால் சொன்னேன், அக்கா எங்கள் இருவரையும் தாண்டி ஏற்றினார். மச்சினன் போட்டுவிட்டான். நான் அவ்வளவு நேரம் அவனையே நினைத்துக்கொண்டிருந்ததால், எல்லோரும் பிளஃப் செய்கிற மாதிரியே எனக்குத் தோன்றியது. 150 காய் போனது. அக்காவிடம் மூன்று ஆறு. ஏற்றுகிறவருக்காக நீங்கள் தளர்த்திக்கொள்ளும் விதி அவர் ஒருவருக்கு மட்டும்தான். மூன்றாவது ஆள் வாயைத் திறந்தால் பழைய விதிக்கே திரும்பிவிடுங்கள்.

ரோஷம்

ஒரு வாரம் முழுக்கத் தோற்ற கதையையும் சொல்கிறேன். ஒருநாள் பெரிய கையை நான் போட்ட பிறகு மச்சினன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஏழும் இரண்டும். மாடி முழுக்கச் சிரித்தது. அடுத்த கையிலிருந்து அவன் வரும் ஒவ்வொரு கைக்கும் நானும் போனேன். எட்டு-மூன்று, ராணி-நான்கு, எது வந்தாலும். அவனை ஒருமுறையாவது அதேபோலக் காட்டிச் சிரிக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க முதலில் காய் தீர்ந்து சீட்டு போட உட்கார்ந்தவன் நான்தான். அதன் பிறகு கண்டுபிடித்த சில வழக்கங்கள் இன்றுவரை உதவுகின்றன.

ஏற்றுகிறவர் பேசும்போது பதில் பேசாதீர்கள். கோபமாகக்கூட வேண்டாம், சாதாரணமாகவும் வேண்டாம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே அளவு நேரம் எடுங்கள், எளிதான ஃபோல்ட்டுக்கும் மூன்று மூச்சு விடுங்கள். நீங்கள் போட்ட சீட்டை யாருக்கும் காட்டாதீர்கள், பக்கத்தில் இருக்கும் தம்பிக்குக்கூட. ஒரு பெரிய கையில் தோற்றால் அடுத்த இரண்டு கையைப் பார்க்காமலே போட்டுவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நான் படிக்கட்டு வரை போய் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவேன். (சாப்பிட்ட கையோடு சீட்டைத் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட சீட்டு பின்பக்கமே அடையாளம் காட்டிவிடும், அப்புறம் அந்தக் கட்டு ஆட்டத்துக்கு ஆகாது.)

அவர் எடுத்த எடுப்பில் ஆல்-இன் போனால்

ராத்திரி பத்து மணிக்கு மேல் இது நடக்கும். ஃப்ளாப் வருவதற்கு முன்பே எல்லாக் காயையும் நடுவில் தள்ளிவிடுவார், அதுவும் அடுத்தடுத்த கைகளில். சீட்டையே பார்க்காமல் தள்ளுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் கணக்கு எளிது. எந்த இரண்டு சீட்டாகவும் இருக்கக்கூடிய ஒரு கையை ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். ஏழு ஜோடி ஏறத்தாழ 66 முறை. ஏஸ்-ராஜா ஏறத்தாழ 65 முறை. ஆகவே ஏழு ஜோடி வந்தால் கால் சொல்லுங்கள். ஏஸ்-ராஜா வந்தால் கால் சொல்லுங்கள். ராஜா-நான்கு வந்தால் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் அடுத்த கையிலும் தள்ளுவார், அவசரம் உங்களுக்கு இல்லை.

அப்படிச் சரியாகக் கால் சொல்லியும் மூன்றில் ஒருமுறை தோற்பீர்கள். எட்டு-இரண்டை வைத்துக்கொண்டு ரிவரில் இரண்டாவது எட்டு வந்து அவர் கத்துவார், மாடி எல்லாம் கேட்கும். காயை எண்ணிக் கொடுத்துவிட்டு, சீட்டுக்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட ஆரம்பியுங்கள். மறுநாள் சாயங்காலம் உங்களுக்கு மறுபடி 30 கொட்டை, 14 பொத்தான், 5 சோழி. அவருக்கு இடது பக்கம் இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.